மனப்பழக்கத்தை எதிர்க்கும் டிஸ்டோப்பியா தொடர் எழுதுவது எப்படி: முதல் விதையிலிருந்து மூன்றாம் பாகம் வரை

முதல் முறை டிஸ்டோப்பியா கதை, அதாவது மக்களை அடக்கி ஆளும் ஒரு கற்பனைச் சமூகத்தின் கதை, எழுத உட்கார்ந்தபோது, ஊரில் உள்ள எல்லோருடைய பிடரியிலும் ஒரு மின்னணுச் சில்லைப் பதித்து வைத்தேன். அரசு சொல்வதை அந்தச் சில்லு கேட்கவைக்கும். நாயகன் நூற்றைம்பதாம் பக்கத்தில் அதைப் பிடுங்கி எறிவான். அத்துடன் விடுதலை. எழுதி முடித்த பெருமையில் நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சரி, அடுத்த பாகத்தில் இவன் என்ன செய்வான்?" எனக்குப் பதில் தெரியவில்லை. செய்வதற்கு அவனுக்கு ஒன்றுமே இல்லை. சில்லோடு கதையும் கழன்று விழுந்துவிட்டது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் உளவியல் புத்தகங்களுக்குள் போனேன். அங்கே கிடைத்த ஒரு விஷயம் என் மொத்தத் திட்டத்தையும் மாற்றியது. பழக்கப்பட்ட மனத்திலிருந்து பழக்கத்தை அழிக்க முடிவதில்லை. அதன்மேல் வேறொரு பழக்கத்தைப் போர்த்தத்தான் முடிகிறது. பழையது அடியில் கிடக்கும், சமயம் பார்த்துத் தலைதூக்கும். விழிப்பு வந்ததும் முடிந்துவிடுகிற கதைக்கு ஒரு நாவல் போதும். விழித்த பிறகும் உள்ளே கிடப்பதோடு மல்லுக்கட்டுகிற கதைக்குத்தான் இரண்டாம் பாகமும் மூன்றாம் பாகமும் தேவைப்படுகின்றன. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு எண்ணத்திலிருந்து கிளைத்தவை.

ஒரு சொல் விளக்கம். ஒரு தூண்டுதலுக்கு உடம்பும் மனமும் தானாக எதிர்வினை காட்டும்படி பழக்குவதைப் பாடப்புத்தகங்களில் ஆக்கநிலையிறுத்தம் என்றும் நிபந்தனைப்படுத்தல் என்றும் எழுதுவார்கள். கதை எழுதுபவன் வாயில் இரண்டுமே ஒட்டுவதில்லை. நான் மனப்பழக்கம், பழக்குதல் என்றே சொல்லப்போகிறேன்.

படி 1: ஒரே ஒரு பழக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்

காதலுக்குத் தடை, புத்தகத்துக்குத் தடை, நிறங்களுக்குத் தடை, சிரிப்புக்குத் தடை என்று நீளமாகப் பட்டியல் போட ஆசை வரும். எல்லாமே தடையென்றால் வாசகருக்கு எதுவுமே உறைக்காது. ஒன்றே ஒன்றை எடுங்கள். அதற்கு ஒரு சோதனை வையுங்கள்: அந்த ஒன்று இல்லாததால், காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு படுக்கும்வரை ஒரு சாதாரண ஆளின் நாளில் பத்து இடத்திலாவது இடறவேண்டும். இடறாவிட்டால் அது வெறும் சட்டம். மனத்தின் பழக்கமாக இன்னும் ஆகவில்லை.

சொல்வதைப் புரியவைக்க ஓர் ஊரை உருவாக்கிக்கொள்கிறேன். இந்த ஊரில் சாதாரண மக்கள் யாரும் கேள்வி கேட்பதில்லை. சட்டம் போட்டுத் தடுக்கவில்லை, தடுக்கத் தேவையும் இல்லை. கேள்வியின் தொனியில் குரல் உயர்ந்தாலே அவர்களுக்கு நெஞ்சை அடைக்கிறது. நான்கு வயதில் குழந்தைகள் "தெளிவகம்" என்ற இடத்துக்குப் போகிறார்கள், ஏழு வயதில் கேள்வியில்லாமல் திரும்பி வருகிறார்கள். நாயகி வேணி, தெளிவகத்தில் வேலை பார்க்கும் பயிற்றுநர். அவள் மகள் தாரைக்கு இப்போது நான்கு வயது.

பத்து இடத்துச் சோதனையை வைத்துப் பார்ப்போம். வழி தெரியாதவன் என்ன செய்வான்? முச்சந்தியில் நின்று "எனக்கு வடக்கு வாசல் தெரியவில்லை" என்று அறிவித்துவிட்டு, யாராவது கை காட்டும்வரை காத்திருப்பான். மருத்துவர் நோயாளியிடம் எங்கே வலி என்று கேட்க முடியாது, ஒவ்வோர் இடமாக அழுத்திப் பார்ப்பார். காதலைச் சொன்னவன் அடுத்த வாக்கியம் இல்லாமல் திரும்பி நடப்பான். பத்தும் சுலபமாகத் தேறிவிடுகிறது. வைத்துக்கொள்ளலாம்.

படி 2: பழக்கும் விதத்தை நிஜத்திலிருந்து எடுங்கள்

இந்தப் படியில் நேரம் செலவழியுங்கள். நூறாண்டு ஆய்வு கையில் இருக்கும்போது மந்திர ஊசியும் நீலக்கதிரும் எதற்கு?

தொடக்கம் ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ். அவருக்கு 1904ல் நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆய்வுக்காக. நாய்களின் உமிழ்நீர் அந்த வேலையின் வழியில் வந்து மாட்டியது. மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) ஒலியைக் கேட்கவைத்து, உடனே உணவு கொடுத்து, அதையே திரும்பத் திரும்பச் செய்தால், பிறகு ஒலி மட்டும் கேட்டாலே நாய்க்கு வாயூறும். இதில் நாயின் சம்மதத்துக்கு வேலையே இல்லை. நம் கதைக்கு இதில் உள்ள பாடம், பழக்கம் கருத்தாக வருவதற்கு முன்னால் உடம்பில் வருகிறது என்பது. வேணி "கேள்வி தவறு" என்று நம்புவதாக எழுதாதீர்கள். குரல் எழும்போது அவள் தொண்டை இறுகுவதை எழுதுங்கள். நம்பிக்கை பிறகு வந்து அந்த இறுக்கத்துக்கு ஒரு காரணம் கற்பிக்கும்.

அடுத்தது 1920ல் ஜான் வாட்சனும் ரோசலி ரேய்னரும் வெளியிட்ட சோதனை. ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை வெள்ளெலியைத் தொடப்போகும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். குழந்தை எலிக்குப் பயந்தது. கூடவே முயலுக்கும் நாய்க்கும் ரோமக் கோட்டுக்கும் பயந்தது. அந்தப் பயத்தைப் போக்காமலேயே விட்டுவிட்டார்கள் என்பது இன்றுவரை அந்தச் சோதனையின்மேல் உள்ள கறை. நமக்கு வேண்டியது அந்தப் பரவல். பழக்கிய இடத்தோடு பழக்கம் நிற்காது, சாயலில் ஒத்த எல்லாவற்றுக்கும் கசியும். என் ஊரில் கேள்வியின் தொனியை மட்டும்தான் பழக்கினார்கள். ஆனால் அந்த ஊர்ப் பாடல்களில் அடியின் கடைசியில் குரல் ஏறுவதே இல்லை, எல்லா மெட்டும் கீழே இறங்கித்தான் முடியும். புருவத்தை உயர்த்துவது அங்கே அநாகரிகம். வளைந்த கைப்பிடியுள்ள குடையைப் பார்த்தால் சிலருக்குக் காரணம் தெரியாத சங்கடம். இந்த மாதிரி நான்கு கசிவுகளை நீங்கள் எழுதிவிட்டால், உங்கள் உலகத்தை விளக்க முன்னுரை தேவைப்படாது.

மூன்றாவது, பி.எஃப். ஸ்கின்னர் விரிவாகக் காட்டியது. ஒவ்வொரு முறையும் கிடைக்கும் பரிசைவிட, எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு ஒரு செயலை இறுகப் பிடித்துக்கொள்கிறது; பரிசு நின்ற பிறகும் அந்தச் செயல் லேசில் ஓய்வதில்லை. ஆகவே உங்கள் அரசு, நல்ல பிள்ளைக்குத் தினமும் மிட்டாய் கொடுக்கும் அரசாக இருக்கவேண்டாம். எப்போதாவது, எதிர்பாராமல் கொடுக்கட்டும்.

நான்காவது எனக்கு நேரடியாகச் சூடு போட்டது. முதலில் என் ஊர் மக்களுக்குக் கேள்வித் தொனி கேட்டால் குமட்டல் வரும் என்றுதான் எழுதியிருந்தேன். அப்புறம் ஜான் கார்சியாவும் ராபர்ட் கோயல்லிங்கும் 1966ல் வெளியிட்ட எலிச் சோதனையைப் படித்தேன். சுவையூட்டிய நீரை எலி நக்கும்போதே விளக்கொளியும் சத்தமும் வரும்படி வைத்தார்கள். உடம்புக்கு நோவு வரச்செய்த எலிகள் பிறகு சுவையைத் தவிர்த்தன, ஒளியையும் சத்தத்தையும் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி வாங்கிய எலிகள் ஒளியையும் சத்தத்தையும் தவிர்த்தன, சுவையைக் கண்டுகொள்ளவில்லை. எதையும் எதோடும் முடிச்சுப் போட்டுவிட முடியாது, உடம்புக்கென்று சில சாய்வுகள் இருக்கின்றன. ஒலியோடு குமட்டலை முடிச்சுப் போடுவது கடினம். ஆக என் குமட்டல் போயிற்று.

அதற்குப் பதிலாக வந்ததுதான் கதைக்கு உயிர் கொடுத்தது: முகம் திருப்புதல். தெளிவகத்தில் அடி கிடையாது, ஊசி கிடையாது. ஒரு குழந்தை கேள்வி கேட்டால் அந்த அறையில் உள்ள எல்லாரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். குழந்தை அழலாம், காலைக் கட்டிக்கொள்ளலாம், யாரும் திரும்ப மாட்டார்கள். அது கேள்வியை விட்டு ஒரு வாக்கியமாகச் சொன்னதும் அத்தனை முகங்களும் திரும்பும். எப்போதாவது ஒருவர் தூக்கி அணைத்துக்கொள்வார். மூன்று வருடம் இது நடந்தால் போதும். செலவில்லாத முறை, கருவிகள் தேவையில்லாத முறை. எழுதும்போது எனக்கே கை நடுங்கியது. உங்கள் ஏற்பாடு உங்களையே கொஞ்சம் நடுக்கினால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: அதில் உள்ள சுகத்தை எழுதுங்கள்

இருட்டு, மழை, சாம்பல் நிறக் கட்டடங்கள், எல்லோரும் வாடிய முகம். இப்படி எழுதப்பட்ட ஊரிலிருந்து ஓடிப்போக விழிப்பு எதற்கு, கால் இருந்தால் போதுமே.

பழக்கம் மக்களுக்கு எதைக் கொடுக்கிறது என்று எழுதுங்கள். என் ஊரில் ஒரு காலத்தில் விசாரணைகள் நடந்தன. யார் எந்தப் பக்கம், யாரைத் தெரியும், நேற்று எங்கே போனாய் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டே காட்டிக்கொடுத்தார்கள். அதிலிருந்து தப்பிப் பிழைத்தவர்கள் கட்டிய ஊர் இது. கேள்வியே இல்லாவிட்டால் விசாரணையும் இல்லை என்பது அவர்கள் கணக்கு. இப்போது அங்கே சண்டை குறைவு. ரகசியம் வைத்திருப்பவனை யாரும் துருவுவதில்லை. தோற்றுப்போய் வீட்டுக்கு வருபவனிடம் "என்ன ஆச்சு?" என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஒரு நிமிடம் எனக்கே அங்கே குடியேறத் தோன்றியது, பொய் சொல்லவில்லை. வாசகருக்கும் அது தோன்றவேண்டும். முதல் பாகத்தின் முதல் மூன்று அத்தியாயங்கள் அதற்குத்தான்.

அதேபோல, பழக்குபவர்களும் பழக்கப்பட்டவர்களாக இருக்கட்டும். உண்மை தெரிந்த பத்துப் பேர் ரகசிய அறையில் உட்கார்ந்து சிரிக்கும் காட்சி எனக்குச் சலித்துவிட்டது. வேணிக்குத் தன் வேலையில் பெருமை உண்டு. குழந்தைகள்மேல் பாசம் உண்டு. முகத்தைத் திருப்பும்போது அவளுக்கும் வலிக்கும். அந்த வலியை அவள் தியாகம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

படி 4: அதற்கு எல்லை வையுங்கள்

முழுக்க முழுக்கக் கட்டுப்படுத்தும் அரசை எழுதினால் கிளர்ச்சிக்கு இடமே இருக்காது. பிறகு நாயகிக்கு மட்டும் ஏதோ பிறவி விசேஷம் என்று சொல்லித் தப்பிக்க வேண்டிவரும். நிஜ வரலாறும் முழுக் கட்டுப்பாட்டை ஆதரிக்கவில்லை. கொரியப் போர் முடிந்தபோது ஆயிரக்கணக்கான அமெரிக்கக் கைதிகளில் 21 பேர் தாய்நாடு திரும்ப மறுத்தார்கள். மூளைச்சலவை என்ற பீதி அமெரிக்காவில் பெருகுவதற்கு அந்த எண்ணிக்கையே போதுமானதாக இருந்தது. அமெரிக்க உளவுத்துறையான சிஐஏ 1953ல் எம்கே அல்ட்ரா என்ற ரகசியத் திட்டத்தைத் தொடங்கி, போதைமருந்து கொடுப்பதில் தொடங்கி என்னென்னவோ செய்து பார்த்தது. அதன் பணம் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று மாண்ட்ரியலில் இருந்த ஒரு மனநல மருத்துவமனை. அங்கே யூவன் கேமரன் என்ற மருத்துவர் நோயாளிகளை மருந்தால் நாட்கணக்கில் தூங்கவைத்து, பதிவுசெய்த வாக்கியங்களைத் திரும்பத் திரும்பக் காதில் ஓடவிட்டார். சொன்னபடி ஆடும் மனிதன் யாரும் அங்கிருந்து வெளிவரவில்லை. நினைவிழந்து சிதைந்துபோனவர்கள்தான் வந்தார்கள். 1973ல் திட்டத்தின் கோப்புகளை அழிக்கச் சொல்லி உத்தரவு போனது. அப்படியும் 1975ல் விஷயம் வெளியே வந்துவிட்டது.

எனவே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இந்த ஏற்பாடு யாரிடம் பலிக்காது, எங்கே ஓட்டை, அந்த ஓட்டையை மூட அரசு என்ன பூச்சு பூசுகிறது. என் ஊரில் காது கேளாதவர்களிடம் பாதிதான் பலிக்கிறது, ஏனென்றால் அவர்கள் கேள்வி கேட்பது கையால். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதைப் "பறவைப்பேச்சு" என்று பெயரிட்டுப் பெரியவர்கள் காதில் வாங்காமல் பழகியிருக்கிறார்கள்.

படி 5: மொழியைப் பழக்குங்கள்

தமிழில் எழுதுபவருக்கு இங்கே அதிர்ஷ்டம் அடித்திருக்கிறது. பிறமொழிக் கதைகளைப் பார்த்து, தலைமை, ஒழுங்கு, மண்டலம் 7 என்று கொட்டை எழுத்துச் சொற்களை அள்ளிப்போடத் தேவையில்லை. நம் இலக்கணத்துக்குள்ளேயே கையைவிட்டுத் துழாவுங்கள்.

பள்ளியில் படித்த வினா எழுத்துகள் நினைவிருக்கும்: எ, யா, ஆ, ஓ, ஏ. என் ஊர்ப் பேச்சில் சொல்லின் கடைசியில் ஒட்டும் வினா ஆகாரம் உதிர்ந்துவிட்டது. "வந்தாயா" கிடையாது. "நீ வந்திருக்கிறாய், அல்லது வரவில்லை" என்று சொல்லிவிட்டு எதிராளியின் தலையசைப்புக்குக் காத்திருப்பார்கள். முதல் பாகம் முழுவதையும், கதைசொல்லியின் வாக்கியங்கள் உட்பட, கடைசியில் வரும் ஒன்றைத் தவிர ஒரு கேள்விக்குறிகூட இல்லாமல் எழுதுவது என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டேன். முதல் வாரம் சித்திரவதையாக இருந்தது. இரண்டாவது வாரம் கை தானாகப் பழகிவிட்டது, அது இன்னும் பயமாக இருந்தது. உங்கள் கதைக்கும் இப்படியொரு கட்டுப்பாட்டைக் கண்டுபிடியுங்கள். பழக்கத்தைப் பற்றி வாசகருக்குச் சொல்வதைவிட அவரைப் பழக்கிவிடுவது நல்லது. இருநூறு பக்கம் கேள்வியே படிக்காதவர் கண்ணில் ஒரு கேள்விக்குறி தட்டுப்பட்டால் திடுக்கிடுவார்.

நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. இதைத் தூசு தட்டி எடுத்தபோது எனக்கு அதிகார அடுக்கே கிடைத்துவிட்டது. பதில் தெரிந்தவர் சோதிப்பதற்காகக் கேட்பது அறிவினா. அது மேலதிகாரிகளுக்கு மட்டும் அனுமதி. வேலை வாங்கக் கேட்கும் ஏவல்வினா அதற்கு அடுத்த மட்டத்துக்கு. தெரியாமல் கேட்கும் அறியாவினா யாருக்குமே கிடையாது, ஏனென்றால் கேட்பவனுக்குத் தெரியாது என்பதை அது ஒப்புக்கொள்கிறது. இன்னொருவருக்குக் கொடுப்பதற்காக, "உன்னிடம் போர்வை இருக்கிறதா?" என்று கேட்பது கொடைவினா. அதைத் தடுக்கவேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. மற்றதோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது. இந்தக் கடைசி விஷயத்தை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

வேறு கதைகளுக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் "நாம்", கேட்பவரை விலக்கிவைக்கும் "நாங்கள்" என்று இரண்டு வைத்திருக்கும் மொழி இது. "நாங்கள்" என்ற சொல்லே வழக்கொழிந்துபோன ஓர் அரசை நினைத்துப் பாருங்கள். எல்லாமே நாம். அங்கே ஒருத்தி முதல்முறையாக "நாங்கள் வரமாட்டோம்" என்று சொன்னால் அதுதான் புரட்சியின் முதல் நாள். தண்டிக்கப்பட்டவர்களை அஃறிணையில் பேசும் ஊரும் உண்டாக்கலாம்: "அது நேற்றுதான் வெளியே வந்தது, அதற்கு வேலை கொடுத்திருக்கிறோம்." அடைமொழியே வேண்டாம்.

சீனாவில் சிந்தனைச் சீர்திருத்தத்துக்கு உள்ளாக்கப்பட்டவர்களை ஆராய்ந்து ராபர்ட் ஜே லிஃப்டன் 1961ல் எட்டு அடையாளங்களைத் தொகுத்தார். அவற்றில் ஒன்று மொழியைப் பற்றியது: சிக்கலான எந்த விஷயத்தையும் ஒரு குட்டி வாக்கியத்தில் அடைத்து, அதற்குமேல் யோசிக்கவிடாமல் மூடிவிடுவது. உங்கள் உலகத்துக்கு அப்படி மூன்று வாக்கியம் போதும். கேட்க இதமாக, பாட்டி சொல்வதுபோல இருக்கவேண்டும். என் ஊரில் ஒன்று: "தெரியவேண்டியது தேடி வரும்."

படி 6: முதல் விரிசல்

கதைகளில் விழிப்பு பெரும்பாலும் ஒரு கண்டுபிடிப்பில் வருகிறது. பழைய ஆவணம், பூட்டிய அறை, இறந்துபோன விஞ்ஞானியின் ஒலிப்பதிவு. தகவல் கிடைத்தவுடன் நாயகன் மாறிவிடுகிறான். மனப்பழக்கத்தைத் தகவலால் உடைப்பது கஷ்டம். ஆபத்தில்லாத சிலந்தி என்று தெரிந்தும் நாற்காலிமேல் ஏறி நிற்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

சாலமன் ஆஷ் 1950களில் செய்த சோதனையைப் பாருங்கள். மூன்று கோடுகளில் எது முதலில் காட்டிய கோட்டுக்குச் சம நீளம் என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான். கூட இருப்பவர்கள் எல்லாரும், முன்பே பேசி வைத்தபடி, தப்பான கோட்டைச் சொல்வார்கள். சோதிக்கப்பட்டவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் ஒருமுறையாவது கண்ணெதிரே தெரிவதை விட்டுக் கூட்டத்தோடு போனார்கள். ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடை சொன்னாலும் போதும், பணிந்துபோவது மளமளவென்று குறைந்தது. ஸ்டான்லி மில்கிராம் சோதனையிலும் இதேதான். பக்கத்து அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கச் சொன்னபோது 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். பக்கத்தில் இருந்த இருவர் பாதியில் எழுந்து மறுத்தபோது 40 பேரில் 4 பேர்தான் கடைசிவரை போனார்கள்.

ஆக, என் கதையில் விரிசல் வேணி கேள்வி கேட்பதில் தொடங்கவில்லை. தெளிவகத்தில் தாரை ஏதோ கேட்கிறாள், எல்லா முகமும் திரும்புகிறது, மூலையில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் திருப்ப மறந்துவிடுகிறார். வேணி அதைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். கிழவர் புரட்சிக்காரர்கூட இல்லை, கழுத்துச் சுளுக்கு. (இந்தச் சுளுக்கை எடுத்துவிடச் சொல்லி இரண்டு பேர் ஆலோசனை சொன்னார்கள். எடுக்கமாட்டேன்.)

அதன்பிறகு வேணிக்குப் பெரிய லட்சியம் எதையும் கொடுத்துவிடாதீர்கள். தப்ப முடியாத அதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பிறகு தாண்டித் தப்பிக்க வழி இருந்தும் முடங்கிக் கிடந்ததை மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 1967ல் காட்டினார்கள். நிர்க்கதியாக இருக்கக் கற்றுக்கொள்கின்றன என்றார்கள். அதே இருவரும் 2016ல், தாங்கள் சொன்னதைத் திருப்பிப் போட்டார்கள்: நீண்ட துன்பத்தில் முடங்குவது இயல்பாக வருவது, தன்னால் மாற்ற முடியும் என்பதுதான் கற்றுக்கொண்டு வரவேண்டியது. கதைக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. சின்னச் சின்னக் காரியங்களில் தன் கைக்கு வலு இருப்பதை வேணி ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கட்டும். முதலில் முகத்தைத் திருப்புவதில் ஒரு கணம் தாமதிக்கிறாள். அப்புறம் இரண்டு கணம்.

படி 7: தொடரின் முதுகெலும்பு

ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். பழக்கம் தணிவதிலேயே ஒரு மூன்று பாகக் கதை ஒளிந்திருக்கிறது.

முதல் பாகம் பழக்கமும் விரிசலும். வேணி தாரையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறுவதோடு முடியும்.

இரண்டாம் பாகத்தில் வெளியே வாழும் குழு அவளைப் பழக்கத்திலிருந்து மீட்கிறது. இதற்கும் நிஜத்தில் முன்மாதிரி உண்டு. 1924ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலுக்குப் பயந்த ஒரு சிறுவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்துக்கொண்டே, முயலைத் தூரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். வேணிக்கும் அப்படித்தான். முதலில் தூரத்தில் யாரோ கேள்வி கேட்பதைக் கேட்கிறாள், பிறகு பக்கத்து அறையில், பிறகு எதிரே. மாதக்கணக்கில் நடக்கட்டும், அவசரப்படாதீர்கள். அவள் குணமாகிவிட்டாள் என்று வாசகர் மூச்சுவிடும் இடத்தில் பாவ்லோவ் கண்ட இன்னொன்றைக் கொண்டுவாருங்கள். தணிந்துபோன பழக்கம், சற்று இடைவெளி விட்டால் தானாகவே எழுந்து வரும். ஒருநாள் காலை தாரை "அம்மா, அது என்ன?" என்கிறாள். வேணியின் முகம், அவள் நினைக்கும் முன்பே, திரும்பிவிடுகிறது. இரண்டாம் பாகத்தின் நடுப்புள்ளி இதுதான்.

மூன்றாம் பாகத்துக்கு மார்க் பௌட்டன் போன்ற உளவியலாளர்கள் ஆராய்ந்த இடத்தின் விளைவு கைகொடுக்கும். ஓரிடத்தில் உண்டான பயத்தை வேறிடத்தில் தணித்தாலும், பழைய இடத்துக்குத் திரும்பினால் பயமும் திரும்புகிறது. வெளியே வாயாடியாகிவிட்ட வேணி மற்றவர்களை மீட்க ஊருக்குள் வரவேண்டும். வாசலைத் தாண்டி, அந்த வாசனையும் இறங்கி முடியும் அந்தப் பாடல்களும் காதில் விழுந்ததும், குரல் போய்விடுகிறது. படை, ஆயுதம், சுவர் ஏறுதல் எதுவும் இதைவிடப் பெரிய தடையாக இருக்க முடியாது.

உச்சக்கட்டத்துக்கு ஒரு யோசனை. 1924ல் லெனின்கிராட் நகரில் பெருவெள்ளம் வந்தபோது பாவ்லோவின் நாய்கள் கூண்டுகளில் மாட்டிக்கொண்டன. கடைசி நேரத்தில் நீந்தவைத்துக் காப்பாற்றினார்கள். பிறகு பார்த்தால் சில நாய்களிடம் அதுவரை பழக்கியதெல்லாம் காணாமல் போயிருந்தது. மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. அப்புறம், சோதனையாக, கதவடியில் கொஞ்சம் தண்ணீர் கசியவிட்டார்கள். நாய் மறுபடி நிலைகுலைந்தது. உங்கள் ஊரின்மேல் ஒரு பேரழிவு வந்து, பழக்கம் எல்லோரிடமும் ஒரே இரவில் கழுவிப்போனால் என்ன ஆகும்? கிளர்ச்சியாளர்கள் வருடக்கணக்கில் பாடுபட்டும் முடியாததை ஒரு வெள்ளம் செய்துவிட்டது. ஆனால் அந்த மக்கள் விடுதலையானவர்களா, நொறுங்கிப்போனவர்களா? கதவடியில் ஈரம் பார்த்து நடுங்குபவர்களிடம் போய்ப் புரட்சி வென்றுவிட்டது என்று யார் சொல்வது? இந்தக் கேள்வியோடு நான் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

படி 8: கிளர்ச்சியாளர்களையும் சந்தேகப்படுங்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மீட்கும் குழுவிடமும் பரிசு இருக்கிறது, முகம் இருக்கிறது, முழக்கம் இருக்கிறது. கேள்வி கேட்காமல் அமைதியாக இருக்க விரும்பும் ஒருவனை அவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று ஒரு காட்சி எழுதிப் பாருங்கள். அவனிடமிருந்து யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்டால் உங்களுக்கு இரண்டாம் பாகத்தின் எதிரி கிடைத்துவிட்டார்.

படி 9: எழுதும் ஏற்பாடுகள்

தொடருக்கு ஒரு குறிப்பேடு வேண்டும். உலகத்தின் ஐந்நூறு வருட வரலாற்றை அதில் எழுதாதீர்கள். நான் நாற்பது பக்கம் எழுதினேன், கதைக்குள் வந்தது இரண்டு வரி. ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் எது அவருடைய தூண்டுகோல், உடம்பில் எங்கே தெரியும், எந்த அத்தியாயத்தில் எவ்வளவு தணிந்திருக்கிறது, எங்கே திரும்ப எழுந்தது என்று தேதி போட்டு எழுதுங்கள். மூன்றாம் பாகத்தில் நிற்கும்போது முதல் பாகத்து வேணியின் தொண்டை இறுகியதா, நெஞ்சு அடைத்ததா என்று உங்களுக்கு நினைவிருக்காது. வாசகருக்கு இருக்கும்.

வாராவாரம் வெளியிடுவதாக இருந்தால் முதல் பாகத்தை முழுவதும் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மொழிக் கட்டுப்பாடு வைத்திருந்தால் இது கட்டாயம். அவசரத்தில் ஓர் "ஏன்" நுழைந்தாலும் மொத்தமும் பாழ். கணினியில் கேள்விக்குறியைத் தேடினால் மட்டும் போதாது. குறி போடாமல் எழுதிய "என்னவோ", "யாரோ" எல்லாம் கேள்வியின் நிழல்கள். அவற்றை அனுமதிப்பதா இல்லையா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். நான் "யாரோ"வை விட்டுவைத்தேன், அந்த ஊரில் மிச்சமிருக்கும் ஒரே ஜன்னல் அது.

முன்வாசகர்களிடம் கதை எப்படி இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். படித்த அன்று மாலை வீட்டில் யாரிடமாவது கேள்வி கேட்கும்போது நாக்கு தயங்கியதா என்று விசாரியுங்கள். ஒருவராவது ஆமாம் என்றால் கட்டுப்பாடு வேலை செய்கிறது.

கடைசியாக, முதல் கேள்வி. இருநூறு பக்கம் காத்திருந்து வரும் அந்த ஒற்றைக் கேள்விக்குறியை எந்த வாக்கியத்துக்குக் கொடுப்பது என்பதில் நான் ஏழு வடிவங்கள் எழுதினேன். ஆறு முறை வேணி அதிகாரிகள் முன்னால் நிமிர்ந்து நின்று "ஏன்?" என்றாள். ஆறு முறையும் மேடை நாடகம் போல இருந்தது. ஏழாவதில் அவள் தாரையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் நடக்கிறாள். குழந்தையின் காலில் கல் குத்திவிட்டது, சத்தமில்லாமல் அழுகிறது. கீழே இறக்கி, பாதத்தைக் கையில் ஏந்தி, தொண்டை இறுக இறுக, யாருமே தடுக்க நினைக்காத அந்தக் கொடைவினாவைக் கேட்கிறாள்.

"வலிக்கிறதா?"